இடிதாங்கியும் மேகத்தை வடிக்கும் கனவும்

உயர்ந்த கட்டடங்களின் உச்சியில் நாட்டப்படும் இடிதாங்கி, வானை நோக்கி நிற்கும் ஓர் உலோகக் கம்பி, அதிலிருந்து சுவரையொட்டி இறங்கும் செம்புப் பட்டை, மண்ணுக்குள் புதைக்கப்பட்ட தகடு ஆகிய மூன்றே உறுப்புகளைக் கொண்ட எளிய கருவியாகும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பெஞ்சமின் பிராங்க்ளின் அதை முன்மொழிந்த காலந்தொட்டு அது கட்டடங்களைக் காத்துவருகிறது. ஆனால் அது எவ்வாறு காக்கிறது என்பதற்கு அவர் முதன்மையாக நம்பிய விளக்கம் பிழையானது. அந்த ஒரு பிழையை உண்மையென எடுத்துக்கொண்டவர்கள், தருக்கத்தில் பெரிதாக எங்கும் சறுக்காமலேயே, நிலநடுக்கத்தைப் பற்றியும் ஆலங்கட்டி மழையைப் பற்றியும் வேறு பிழைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பிராங்க்ளினின் நம்பிக்கைக்கு அடிப்படையாக இருந்தது 1747இல் அவர் கடிதமொன்றில் விவரித்த மேசைச் சோதனை. மூன்று நான்கு அங்குல விட்டமுள்ள இரும்புக் குண்டொன்றை உலர்ந்த கண்ணாடிப் புட்டியின் வாய்மேல் வைத்து, கோலிக்குண்டளவு தக்கை உருண்டையைப் பட்டு நூலில் கட்டி, கூரையிலிருந்து அது குண்டைத் தொட்டுக்கொண்டிருக்குமாறு தொங்கவிட்டார். குண்டுக்கு மின்னூட்டம், அதாவது மின்தன்மை, ஏற்றியதும் தக்கை விலகி நின்றது. கூரிய ஊசியொன்றின் முனையை ஆறு அல்லது எட்டு அங்குலத் தொலைவில் நீட்டியவுடன் தக்கை மீண்டும் குண்டோடு ஒட்டிக்கொண்டது. மழுங்கிய பொருளாயின் ஓர் அங்குலம் வரை நெருங்கி, தீப்பொறி தெறித்த பின்னரே அவ்வாறு நிகழ்ந்தது. கூர்முனை ஓசையின்றி மின்னூட்டத்தை வடித்துவிடுகிறது என்று கண்ட பிராங்க்ளின், மேகத்தையும் பெரியதோர் இரும்புக் குண்டாகவே கருதி, வீட்டின்மேல் கூரிய கம்பி நின்றால் மின்னல் பிறக்கும் முன்பே மேகம் வெறுமையாகிவிடும் என்று எதிர்பார்த்தார். அவ்வாறு வடிக்க இயலாதபோது, இறங்கும் மின்னலைக் கம்பி மண்ணுக்குக் கடத்தும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார் என்பதை மறந்துவிடலாகாது.

மேசைமேல் உண்மையாக இருந்தது வானில் பொய்த்ததற்குக் காரணம் அளவுதான். இடிமேகத்தின் கீழ் நிற்கும் கூர்முனை வழியே கசியும் மின்னோட்டம் சில மைக்ரோ ஆம்பியர்களே, அதாவது ஓர் ஆம்பியரின் 10 லட்சம் பங்குகளில் சில. மேகத்துக்குள் மின்னூட்டம் புதிதாகச் சேரும் வேகமோ ஏறத்தாழ ஓர் ஆம்பியர். ஆகவே ஒரு கம்பி மேகத்தை வெறுமையாக்குவது நடவாத காரியம். உண்மையில் நிகழ்வது வேறு: மேகத்திலிருந்து படிப்படியாக இறங்கும் மின்வழியொன்று தரையை நெருங்குகையில், கம்பியின் நுனியிலிருந்து மற்றொரு மின்வழி மேலெழுந்து அதைச் சந்திக்க, 30,000 ஆம்பியர் அளவிலான மின்னோட்டம் சுவரையும் மரச்சட்டங்களையும் விட்டுவிட்டு உலோகப் பட்டை வழியே மண்ணுக்குள் பாய்ந்துவிடுகிறது.

கம்பிகள் வானத்து மின்சாரத்தை ஓயாமல் இறக்குகின்றன என்றால் அது எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்வி எழுவது இயல்பே. 1755 நவம்பர் 18 அன்று நியூ இங்கிலாந்துப் பகுதியை நிலநடுக்கம் குலுக்கியபோது, பாஸ்டன் நகரப் போதகர் தாமஸ் பிரின்ஸ், பிற ஊர்களைவிட இரும்பு முனைகள் மிகுந்த பாஸ்டனே கடுமையாக அதிர்ந்ததாகச் சுட்டிக்காட்டி, நிலத்துக்குள் சேர்ந்த மின்சாரமே காரணமாகலாம் என்று எழுதினார். இதைச் சமயவாதியின் அச்சம் என்று ஒதுக்குவது அவருக்கு இழைக்கும் அநீதி. நிலநடுக்கம் மின்சாரத்தால் விளைவது என்று வில்லியம் ஸ்டூக்லி லண்டன் ராயல் சொசைட்டியிலேயே 1750இல் வாதிட்டிருந்தார். பிரின்ஸை மறுத்த ஹார்வர்டு பேராசிரியர் ஜான் வின்த்ரோப், பின்னதிர்வொன்றின்போது தம் அடுப்படிச் செங்கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து தாழ்ந்ததைக் கவனித்து, நிலநடுக்கம் மண்ணூடே செல்லும் அலையே என்ற கருத்தை வலியுறுத்தினார்.

ஆலங்கட்டி பற்றிய பிழை இதைவிட நீண்டகாலம் வாழ்ந்தது. எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரு மேக அடுக்குகளுக்கிடையே பனித்துகள்கள் மாறிமாறித் துள்ளிப் பருத்து ஆலங்கட்டியாகின்றன என்று மின்கலத்தைக் கண்டறிந்த வோல்ட்டாவே விளக்கியிருந்ததால், மேகத்தின் மின்சாரத்தை வடித்தால் ஆலங்கட்டியும் பிறக்காது என்ற முடிவு அறிவியலின் தோற்றத்தோடே வந்தது. 1820இல் ஆமியான் நகரத்து லாப்போஸ்தோல் வைக்கோல் கயிற்றையே மின்கடத்தியாகப் பரிந்துரைக்க, பிரான்சு, சுவிட்சர்லாந்து, இத்தாலி நாடுகளின் திராட்சைத் தோட்டங்களில் அத்தகைய கயிறு கட்டிய கழிகள் நடப்பட்டன. ஆலங்கட்டி ஒரு தோட்டத்தை அழித்து அடுத்த தோட்டத்தை விட்டுவிடும் இயல்புடையதாதலால், தப்பிய தோட்டக்காரர் கழியைப் புகழ்வதற்குத் தடையேதும் இருக்கவில்லை. இன்றைய அறிவின்படி வலிய மேலெழு காற்றும், உறைநிலைக்குக் கீழும் உறையாதிருக்கும் நீர்த்துளிகளுமே ஆலங்கட்டியை வளர்க்கின்றன. மேகத்தின் மின்சாரம் பெரும்பாலும் பனித்துகள்கள் மோதிக்கொள்வதால் விளைகிறது. வோல்ட்டா காரணமென்று கொண்டது விளைவாக இருந்தது.

கம்பியின் நுனி கூராக இருக்க வேண்டுமா, உருண்டையாக இருக்க வேண்டுமா என்ற சண்டையும் அதே மூலத்திலிருந்து வந்ததுதான். கூர்முனை மின்னலை வலிந்து அழைக்கும் என்று அஞ்சிய பெஞ்சமின் வில்சன் உருண்டை முனையை வற்புறுத்தினார். கூர்முனைகள் பொருத்தப்பட்ட, இங்கிலாந்தின் பர்ஃபிளீட் வெடிமருந்துக் கிடங்கு வளாகத்தில் 1777 மே மாதம் இடி விழுந்து சிறு சேதம் நேர்ந்ததும் அவர் கை ஓங்கியது. அமெரிக்கா கிளர்ச்சியில் இறங்கியிருந்த நேரமாதலால், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பிராங்க்ளினின் முனைகளை அரண்மனையிலிருந்து அகற்றச் செய்ததில் அறிவியலைவிட அரசியலே மிகுதி. நியூ மெக்சிகோ மலையொன்றில் சார்லஸ் மூர் குழுவினர் ஏழு ஆண்டுகள் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், மழுங்கிய கம்பிகள் பலவற்றின்மேல் மின்னல் இறங்கியும் அருகிலிருந்த கூரிய கம்பிகள் ஒன்றன்மேலும் இறங்கவில்லை. கூர்முனை உமிழும் அயனிகள், அதாவது மின்னூட்டமுள்ள துகள்கள், அதைச் சுற்றிப் போர்த்தி, மேலெழ வேண்டிய மின்வழியைத் தடுக்கின்றன என்று அவர்கள் விளக்கினர். வில்சன் கேட்ட முனையே மின்னலை ஏற்பதில் வென்றது, அவர் சொன்ன காரணத்துக்கு நேர்மாறான காரணத்தால். இதற்கிடையே, நூற்றுக்கணக்கான கூர்முனைகளைத் தூரிகைபோல் கட்டி, மின்னலே விழாமல் மேகத்தை வடிப்பதாகச் சொல்லும் கருவிகள், வளிமண்டல மின்னியல் வல்லுநர்கள் பெரும்பாலோர் ஏற்க மறுத்தும், இன்றும் விற்பனையாகின்றன.