முறிந்த ஆணியும் முரட்டுக் கையும்

தோட்டத்து வெங்காயம் தண்ணீர் கண்டு நான்கு நாளாகிவிட்டது. நீரிறைக்கும் எஞ்சினோ புகைக்குழாயடியிற் கசிந்து இரைந்துகொண்டிருந்தது. குழாயைக் கழற்றிப் புதிய காப்புத் தகடு வைத்தால் அரைமணி நேர வேலை என எண்ணினேன். குழாயைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்களும் துருவேறி இறுகிக் கிடந்தன. ஸ்பனரின் பிடியில் நீண்ட இரும்புக் குழாயொன்றைச் செருகி, என் பலமனைத்தையும் கொடுத்துத் திருப்பினேன். ஆணி அசைந்தது, பின்னர் மெழுகுபோல் இளகித் திரும்பிற்று. வென்றுவிட்டேன் என்று மகிழ்ந்த கணத்திலே தலை முறிந்து கையோடு வந்தது. உடல் எஞ்சினுள்ளே தங்கிவிட்டது. அந்த இளக்கம், உருக்கு முறியுமுன் காட்டும் அறிகுறியென்பதை நான் அறிந்திருக்கவில்லை.

இரும்பு துருவாக மாறும்பொழுது அதன் கனவளவு இருமடங்குக்கு மேலாகப் பெருகுகின்றது. புரிகளுக்கிடையேயுள்ள மயிரிழை இடைவெளியில் இப்பெருக்கம் நிகழுமாயின் ஆப்பு அறைந்ததற்கொப்பாகும். எஞ்சின் உடல் அலுமினியமாயின் சங்கடம் இன்னும் அதிகம். ஈரம் பட்ட இடத்தில் உருக்கும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டிருக்க, அலுமினியமே அரிக்கப்பட்டு வெண்பொடியாகப் புரிகளை அடைத்துக்கொள்கின்றது.

மாலையில் வந்த முதிய மெக்கானிக் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மாஸ்ரர், நேற்றே மண்ணெண்ணெய் விட்டிருந்தால் இண்டைக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கத் தேவையில்லை" என்றார், அவ்வளவுதான். 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்திலே, ஒஸ்ரின் ஏ 40 கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த யாழ்ப்பாணத்துத் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். உதிரிப்பாகம் கிடையாத நாட்களில் ஓர் ஆணியை முறிப்பது எஞ்சினையே இழப்பதற்குச் சமமாக இருந்ததாம். அவ்வச்சம் கற்றுக்கொடுத்த நிதானத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

மண்ணெண்ணெயுடன் சிறிது எஞ்சின் எண்ணெய் கலந்து, முறிந்த ஆணிக்கும் முறியாத ஆணிக்கும் சொட்டுச் சொட்டாக விட்டார். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினார், மீண்டும் விட்டார். பிறகு, "காலமை பார்ப்பம்" என்று போய்விட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மறுநாட் காலையில் எரிபொருள் தாங்கியை முதலில் அகற்றித் தூரத்தில் வைக்கச் சொன்னார். முறியாத ஆணியின் தலையை விட்டு, அதனைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சுடராற் சூடாக்கினார். ஒரே வெப்பத்தில் அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் துளை அகன்று பிடி தளர்கின்றது. ஆயினும் இரும்பைப்போற் சிவந்து எச்சரிக்கை தரும் வழக்கம் அலுமினியத்துக்கு இல்லை. 660 பாகை செல்சியசில் திடீரென உருகிவிடும். ஆகவே சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டேயிருந்தார். பின்னர் ஸ்பனரை என் கையிலே தந்தார். முதலில் இறுக்கும் பக்கமாகச் சிறிது, பின்பு தளர்த்தும் பக்கமாகச் சிறிது. கிரீச்சிட்டால் மறுபடி எண்ணெய். இவ்வாறு முன்னும் பின்னுமாகக் கால் மணி நேரம் சென்றதும் ஆணி முழுதாக வெளிவந்தது.

முறிந்ததற்கு வேறு வைத்தியம். ஆணியின் நடுவே துளையிட்டு, இடப்புரியுள்ள கூம்புக் கருவியைச் செலுத்தித் திருப்பியெடுப்பது பலரும் கைக்கொள்ளும் முறை. அவர் அதை விரும்பவில்லை. அக்கருவி மிகக் கடினமான உருக்கு. உள்ளே முறிந்தால் சாதாரணத் துளையூசி அதன்மேல் ஏறாது. அவர் முறிந்த முகத்தின்மேல் வெல்டிங் செய்து சிறுகச் சிறுக உயர்த்தி, அதன்மேல் ஒரு நட்டை வைத்து ஒட்டினார். உருக்குக்கான பற்று அலுமினியத்தில் ஒட்டுவதில்லை. வெல்டிங்கின் வெப்பமே பாதி வேலையைச் செய்துவிடுகின்றது. முதல் நட்டு பிய்ந்து வந்தது. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவது நட்டுடன் ஆணி மெல்லத் திரும்பி, வெண்பொடி உதிர உதிர மேலே வந்தது.

துளையின் புரிகளைச் சுத்தஞ் செய்து, புதிய ஆணிகளுக்குச் செப்புத்தூள் கலந்த கிறீஸ் பூசி, அளவோடு இறுக்கினார். வாய்க்காலில் தண்ணீர் பாயத் தொடங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. வெங்காயத் தாள்களின் நுனி பழுத்திருந்தது, கிழங்கு தப்பிற்று.