கதவைத் தாங்கும் கீல்கள்

முன்மதி, நீதி, மனத்திடம், தன்னடக்கம் ஆகிய நான்கையும் தலையாய நற்பண்புகள் என்கிறது திருச்சபை. இலத்தீனில் இவற்றின் பெயர், கதவின் கீலைக் குறிக்கும் 'கார்தோ' என்ற சொல்லிலிருந்து வந்தது. சாலமோனின் ஞான நூல் (8:7) நான்கையும் ஒருசேரக் குறிப்பிடுகிறது.

இவற்றுள் நாம் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது முன்மதியை. தந்தையின் சொத்தில் சகோதரிக்குரிய பங்கு மறுக்கப்படும்போது, 'நமக்கேன் வம்பு' என்று வாய்மூடி இருப்பதை விவேகம் என்கிறோம். புனித தோமா அக்குவினாஸ் இதை ஏற்கமாட்டார். நன்மை எது என்று கண்டு, அதற்கான வழியைத் தேர்ந்து, செய்துமுடிக்கத் தூண்டுவதே அவர் கூறும் முன்மதி. உரியவருக்கு உரியதைக் கொடுக்க நீதி வேண்டும். உறவினரின் முகச்சுளிப்பைத் தாங்க மனத்திடம் வேண்டும். அந்தப் பங்கின்மேல் நமக்கே உள்ள ஆசையை வெல்லத் தன்னடக்கம் வேண்டும். (பல நேரங்களில் நம் மௌனத்துக்குக் காரணமே இந்த ஆசைதான்!)

இதில் மகிழ்ச்சி எங்கே? நற்பண்புகள் நல்வாழ்வை எளிதாகவும் மகிழ்வோடும் வாழச் செய்கின்றன என்கிறது 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 1804). நிறைவான பேரின்பம் கடவுளைக் காண்பதில்தான் என்பார் அக்குவினாஸ். ஆனால் இவ்வுலகிலும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. பங்கைப் பிரித்துக் கொடுத்த பிறகு, அதே சகோதரியின் வீட்டில் கூச்சமின்றிச் சாப்பிட உட்காரும் அண்ணனுக்கு அது தெரியும்.