கரையா, படகா? கொடுவா பிடிக்கும் தூண்டில்காரருக்கு உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தரமணி ஐ.டி. வளாகங்களில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பைக்குகளில், லேப்டாப் பையோடு ஒரு நீளமான உறையும் கட்டப்பட்டிருந்தால் அது கிரிக்கெட் பேட்டாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உள்ளே தூண்டில் ராடு இருக்கலாம். டிராபிக் கைகொடுத்தால் அரை மணி நேரத்தில் அடையாறு முகத்துவாரம், ஒரு மணி நேரத்துக்குள் முட்டுக்காடு. மீன்பிடிப் பொழுதுபோக்குக்கு இதைவிட வசதியான ஆபீஸ் அட்ரஸ் சென்னையில் குறைவு.

இந்தக் கூட்டத்தில் கேட்டால், கனவு மீன் என்று பலரும் சொல்வது கொடுவா. அடுத்து வருவது இரண்டு கேள்விகள். ‘என்ன ரீல் வாங்கலாம்?’, ‘கரையில நின்னு போடுறதா, படகுல போறதா?’ இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் நல்ல தூண்டில்காரரையும் சும்மா தூண்டில் வைத்திருப்பவரையும் பிரிக்கும் கோடு இந்த இரண்டிலும் இல்லை. அப்படியானால் வேறு எதில் இருக்கிறது?

கொடுவாவுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி, கொல்கத்தாவில் பேட்கி, நம்மூரில் கொடுவா. எல்லாம் ஒரே மீன். 1790-ல் ஜெர்மானிய மருத்துவரும் மீனியல் அறிஞருமான மார்கஸ் ப்ளாக் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். கடல், கழிமுகம், ஆறு என உப்புநீரிலும் நன்னீரிலும் வாழும். இருட்டில் டார்ச் அடித்தால் கண் சிவப்பாக மின்னும்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இதே இடத்தைப் பிடித்திருப்பது ஸ்ட்ரைப்டு பாஸ். உடலில் கோடு கோடாக இருக்கும் அந்த மீனுக்காக அங்கே லட்சக்கணக்கானோர் தூண்டிலோடு கடற்கரைக்குப் போகிறார்கள். இரண்டும் நெருங்கிய உறவு இல்லை. ஆனால் குணம் ஒத்துப்போகும். இரண்டுமே ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே போய் வருபவை. இரண்டுமே பதுங்கியிருந்து, நீரோட்டம் கொண்டுவரும் இரையை அடிப்பவை. ஒரே வித்தியாசம், ஸ்ட்ரைப்டு பாஸ் முட்டையிட ஆற்றுக்குள் ஏறும். கொடுவா முட்டையிட முகத்துவாரத்துக்கு இறங்கி வரும்.

கரையா, படகா? ரெக்கார்டு என்ன சொல்கிறது?

1982 செப்டம்பரில், அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் புயல் அடித்த ஓர் இரவில், கடலுக்குள் நீளும் கல் தடுப்பின் மேல் நின்று ஆல் மெக்ரெனால்ட்ஸ் என்பவர் 78.5 பவுண்டு, அதாவது சுமார் 35.6 கிலோ எடையுள்ள ஸ்ட்ரைப்டு பாஸைப் பிடித்தார். அது உலக சாதனை. அதை முறியடிக்க 29 ஆண்டுகள் ஆயின. 2011 ஆகஸ்டில் கனெக்டிகட் மாநிலக் கடலில், படகிலிருந்து கிரெக் மையர்சன் பிடித்த மீன் 81.88 பவுண்டு, அதாவது சுமார் 37 கிலோ.

ஒன்று கரை, ஒன்று படகு. ஸ்கோர் 1-1. ஆனால் இரண்டு கதைகளையும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு பொதுவான விஷயம் தெரியும். மெக்ரெனால்ட்ஸ் கடல் கொந்தளித்த இரவில் கரையோரமாக இரை தேடிவரும் மீனை எதிர்பார்த்து நின்றார். மையர்சன், மீனுக்கு அடியிலிருந்து வரும் சத்தம் பிடிக்கும் என்று யோசித்து, குலுங்கி ஒலி எழுப்பும் ஈயக்குண்டைத் தானே வடிவமைத்து, உயிருள்ள விலாங்கை இரையாகக் கோர்த்தார். இருவருமே மீன் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதிலிருந்துதான் தொடங்கினார்கள்.

கரைக்கும் படகுக்கும் உள்ள வித்தியாசம் வேறு. கரையில் நிற்பவர் மீன் தன்னிடம் வரும் நேரத்தைக் கணிக்க வேண்டும். படகில் போகிறவர் மீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சென்னை மீனவர்கள் ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பே இதைச் செய்துவந்தார்கள். கரையில் தெரியும் கோபுரம், கலங்கரை விளக்கம், உயரமான கட்டிடம் என இரண்டு மூன்று அடையாளங்களை நேர்கோட்டில் பொருத்திப் பார்த்து, கடலுக்கு அடியில் இருக்கும் பாரை, அதாவது பாறைத் திட்டைச் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்துவிட்டாலும் அந்தக் கணக்கு பழசாகிவிடவில்லை.

தண்ணீரைப் படிப்பது எப்படி?

முதல் பாடம் ஓதம். சென்னையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் அதிகம். அமெரிக்காவின் போஸ்டனில் கடல் சுமார் 3 மீட்டர் ஏறி இறங்கும். சென்னையிலோ பெரிய ஓத நாளில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான். ‘அப்போ இங்க டைட் பாக்கத் தேவையில்லையா?’ என்றால், தேவை. அகலமான கழிமுகத்துத் தண்ணீர் முழுக்க ஒரு குறுகிய வாய் வழியாகப் போய் வரும்போது, அந்த ஒரு மீட்டரே நல்ல வேகமான ஓட்டத்தைக் கொடுத்துவிடும்.

வற்றத்தில் கழியிலிருந்து குட்டி மடவையும் இறாலும் தண்ணீரோடு அடித்துக்கொண்டு வெளியே வரும். கொடுவா அந்த ஓட்டத்துக்கு நடுவே நீந்திச் சக்தியை வீணாக்காது. பாலத் தூண், கல், மணல்மேட்டு விளிம்பு என ஓட்டம் தணியும் இடத்தில் பதுங்கி நிற்கும். வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் சந்திக்கும் அந்தக் கோடுதான் தூண்டில் விழ வேண்டிய இடம். புதிதாக வருபவர் எவ்வளவு தூரம் வீசலாம் என்று பார்ப்பார். அனுபவசாலி, தன் காலடியிலிருந்து பத்தடி தள்ளி ஓடும் சுழிப்பில் போடுவார். தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் பெரும்பாலும் டீ குடிக்கப் போய்விடுவார்.

அடுத்து காற்று. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தென்மேற்கிலிருந்து கச்சான் என்று மீனவர்கள் பெயர் சொல்லி அழைப்பது வெறும் சொல்வளம் அல்ல. ஒவ்வொரு காற்றும் அலையின் உயரத்தை, தண்ணீரின் கலங்கலை, கரையோரம் எந்த இரை ஒதுங்கும் என்பதை மாற்றும். கரையை ஒட்டிய பெரிய நீரோட்டமும் ஆண்டுக்கு இருமுறை திசை மாறும். பிப்ரவரிக்குப் பின் வெயில் காலத்தில் வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவமழையில் தெற்கு நோக்கி.

ஆப் இருக்கே, போதாதா?

தரமணியிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1988-ல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கிருந்துதான் இயங்குகிறது. குவால்காம் உள்ளிட்ட நிறுவனங்களுடன் சேர்ந்து அது உருவாக்கிய மீனவர் நண்பன் ஆப், அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி, சர்வதேச எல்லை எச்சரிக்கை ஆகியவற்றை மீனவரின் போனுக்கே கொண்டுவருகிறது. தகவல் வருவது ஹைதராபாத்தில் உள்ள இன்கோய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் சேவை மையத்திலிருந்து. செயற்கைக்கோள் பார்க்கும் கடல் வெப்பநிலையையும், பச்சையத்தின் அளவையும் வைத்து மீன் கூடும் இடம் கணிக்கப்படுகிறது.

கடலுக்குள் போகலாமா கூடாதா என்று முடிவெடுக்க இது பெரிய உதவி. ஆனால் அந்தக் கணிப்பு பல கிலோமீட்டர் பரப்பைப் பற்றியது. முகத்துவாரத்தில் நேற்று இருந்த மணல்மேடு இன்று எங்கே நகர்ந்திருக்கிறது என்று எந்த ஆப்பும் சொல்லாது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். தேதி, ஓத நேரம், காற்றின் திசை, தண்ணீரின் நிறம், என்ன இரை, கடித்ததா இல்லையா என்று போன் நோட்ஸில் ஆறு வரி போதும். மீன் மாட்டாத நாளையும் எழுதுவதுதான் முக்கியம். இரண்டு பருவம் இப்படி எழுதியவருக்கு ‘லக்’ என்ற சொல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேவைப்படாமல் போகும்.

கைக்குத் தெரிய வேண்டியது

கொடுவா வாயை வேகமாகத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். தன் நீளத்தில் பாதி இருக்கும் மீனையும் விழுங்கப் பார்க்கும். பண்ணைகளில் குஞ்சுகளை அடிக்கடி அளவு பிரித்து வைக்காவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடுவது இதனால்தான். எனவே பெரிய மடவையைக் கோர்க்கத் தயங்க வேண்டாம்.

மாட்டிய பிறகுதான் வேலையே. செவுள் மூடியின் ஓரம் கத்திபோல இருக்கும். மெல்லிய நரம்பு அதில் உரசினால் அறுந்துவிடும். கடைசி சில அடிக்குத் தடித்த நரம்பு கட்டுவது அதற்காக. மீன் தண்ணீருக்கு மேல் தாவித் தலையை உதறும்போது நரம்பு தளர்ந்தால் முள் கழன்றுவிடும். முடிச்சு, கூரான முள், சரியான இறுக்கத்தில் ரீல் என இந்த மூன்றும் சரியாக இருந்தால் சாதாரண ராடே போதும். லட்சத்தைத் தொடும் ரீல் இருந்தாலும் முடிச்சு தப்பானால் மீன் போச்சு.

பெரிய மீன் என்றால் யார்?

இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. கொடுவா பொதுவாக ஆணாக வாழ்க்கையைத் தொடங்குகிறது. சில ஆண்டுகள் ஆணாக இனப்பெருக்கம் செய்துவிட்டு, 6 முதல் 8 வயது வாக்கில், உடல் நீளம் 80 செ.மீ. தாண்டியபின் பெண்ணாக மாறுகிறது. பெரிய பெண் மீன் ஒன்று கோடிக்கணக்கில் முட்டையிடும். அதாவது, இன்ஸ்டாகிராமில் லைக் அள்ளும் அந்த ஒரு மீட்டர் மீன் கிட்டத்தட்ட நிச்சயமாக ஒரு தாய். முட்டையிட அது வந்து நிற்கும் இடமும் முகத்துவாரம்தான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 செ.மீ.க்குக் குறைவான பாரமுண்டியையும், 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. சிறியது வளரட்டும், பெரியது முட்டையிடட்டும் என்ற கணக்கு. ஸ்ட்ரைப்டு பாஸ் விஷயத்தில் அமெரிக்கா பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1980-களில் அந்த மீன் வேகமாகக் குறைந்தது. 1984-ல் தனிச்சட்டம் வந்தது; 1985-ல் மேரிலாந்து மாநிலம் பிடிக்கவே தடை போட்டது. 1995-ல் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். பிறகு மறுபடியும் சரிவு. 2023-ல் கடலோரத்தில் பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர்கள் 28 முதல் 31 அங்குலம் வரையுள்ள மீனை மட்டுமே எடுத்துச் செல்லலாம் என்று வரம்பை இறுக்கினார்கள்.

‘நான்தான் திருப்பி விட்டுடுறேனே’ என்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. திருப்பி விடப்படும் ஸ்ட்ரைப்டு பாஸில் 9 சதவீதம் எப்படியும் இறந்துபோவதாக அங்கே மதிப்பிடுகிறார்கள். ஆகவே விடுவதும் ஒரு திறமை. கையை நனைத்துவிட்டுத் தொடுவது, வாயை மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் வயிற்றையும் தாங்குவது, போட்டோவைச் சில விநாடிகளில் முடிப்பது, சூடான மணலில் போடாமல் இருப்பது, தண்ணீரில் தாங்கிப் பிடித்து அதுவாக நீந்தும்வரை காத்திருப்பது.

ஆறு பிழைத்தால்தான் மீன்

அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், சாந்தோம் நெடுஞ்சாலையில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1997-ல் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்யவைத்தது இந்த நிறுவனம். முட்டுக்காட்டில் அதன் ஆய்வு நிலையம் உண்டு. இன்று ஹோட்டல் தட்டுக்கு வரும் கொடுவா பண்ணையில் வளர்ந்ததாக இருக்கலாம். ஆனால் தூண்டில்காரர் தேடும் மீனைப் பண்ணை கொடுக்காது. அதற்கு ஆறும் கழியும் உயிரோடு இருக்க வேண்டும்.

அடையாற்றின் நிலை ஊருக்கே தெரியும். கோடையில் மணல் அடைத்து முகத்துவாரம் மூடினால், கடல்நீர் உள்ளே வராது. கழிவுநீர் மட்டும் தேங்கும். நீரில் ஆக்சிஜன் குறையும். மீன்கள் செத்து மிதக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழியில் எண்ணெய் படர்ந்தபோது, வலையையும் படகையும் இழந்து நின்றவர்கள் உள்ளூர் மீனவர்கள். வார இறுதியில் தூண்டில் போடுபவருக்கு வேறு இடம் கிடைக்கும். அவர்களுக்கு இல்லை.

அதனால் முகத்துவாரத்துக்குப் போகும்போது சில மரியாதைகள் உண்டு. வலை போட்டிருக்கும் இடத்துக்குக் குறுக்கே வீசக் கூடாது. ‘அண்ணா, இங்க போடலாமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிற்கலாம். அந்தக் கேள்விக்கு வரும் பதிலோடு, அன்றைய தண்ணீரைப் பற்றி எந்த ஆப்பிலும் இல்லாத தகவலும் சேர்ந்து கிடைப்பது உண்டு. அறுந்த நரம்பை மணலில் விடாமல் சுருட்டி எடுத்து வர வேண்டும். பறவைக் காலிலும் ஆமைக் கழுத்திலும் சிக்குவது அதுதான்.

கடைசியாகப் பாதுகாப்பு. முகத்துவார ஓட்டத்தில் இடுப்பளவு தண்ணீரே ஆளை இழுத்துவிடும். இரவில் தனியாகப் போக வேண்டாம். இடி மின்னல் தெரிந்தால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். கடல் சீற்றம் பற்றி இன்கோய்ஸ் எச்சரிக்கை விடுத்த நாளில் கல் தடுப்பின் மேல் ஏறவே வேண்டாம். 1982-ல் புயலில் நின்று சாதனை செய்தவரைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அதேபோல் நின்று வீடு திரும்பாதவர்களின் பெயர் எந்த ரெக்கார்டு புத்தகத்திலும் வராது.