குடி கேட்ட திண்ணையும் குடி கேளாத வகுப்பும்

கிழக்கிலங்கைக் கரையிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனத்துக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. கல்முனையில் மெதடிஸ்த மிஷன் நடத்திய ஆங்கிலப் பாடசாலையில் படித்தார். தமிழிலக்கியமும் வடமொழியும் ஆழமாக வேண்டுமென்றபோது அந்தப் பள்ளிக்கூடம் போதவில்லை. புலோலி வைத்தியலிங்க தேசிகரிடம் தனியே பாடம் கேட்டார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். அவரைத்தான் நாம் விபுலாநந்த அடிகள் என்கிறோம். 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூலின் வேரைத் தேடிப் போனால், இந்தக் கரையில் ஒரு பிள்ளையை முன்னால் இருத்திப் பாடம் சொன்ன ஆசிரியர்களிடம்தான் போய் நிற்போம்.

கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, தம்பிலுவில் என்று தெற்கே இறங்கும் இந்த ஊர்களில், கலைக் கல்விக்குத் தனி ஆசிரியர் தேடுவது அன்று இப்படித்தான் நடந்தது. ஊரில் கற்றவர் இன்னார் என்று எல்லோருக்கும் தெரியும். வெற்றிலை பாக்கோடு தகப்பன் பிள்ளையைக் கூட்டிப்போவார். மாதச் சம்பளம் என்று ஒன்று இருக்காது. வேளாண்மை வெட்டி முடிந்ததும் நெல் போகும். பாடத்திட்டமும் இல்லை. நிகண்டில் தொடங்கினால் புராணத்துக்குப் பயன் சொல்வது வரைக்கும் போகலாம். கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது வழக்குரை படிப்பவர், தனக்குப் பின் படிக்க ஒருவரைத் தானே பழக்கிவிடுவார். முஸ்லிம் பகுதிகளில் லெப்பையின் வீட்டு விறாந்தையே ஓதப்பள்ளி.

இந்தத் தனி ஆசிரியர்களுள் ஆகப் பெரியவர் அண்ணாவியார். கூத்துக்கு ஆள் தெரிந்து சட்டங் கொடுத்தது முதல் அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் இரவிரவாக அவர் சொல்லிக்கொடுத்தது ஆட்டம் மட்டுமா? பாரதமும் இராமாயணமும், தாளமும், பாட்டும், சபையில் நிற்கும் முறையும் அந்தக் களரியில் ஒரே பாடமாக வந்தன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கூத்தைக் கொண்டுபோனபோது, மாணவர்களைப் பழக்குவதற்கு வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை அழைத்தார். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. பட்டம் பெறாத ஒருவரைப் பல்கலைக்கழகம் ஆசிரியராக ஏற்றுக்கொண்ட காலம் அது.

ஆனால் அந்த ஆசிரியர்களின் திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பிள்ளையைப் பார்த்ததும் வந்த முதற் கேள்வி, 'எந்தக் குடி?' அந்தக் கேள்வியிலேயே சாதியும் தெரிந்துவிடும். பறைமேளம் அடித்தவர்களின் பிள்ளை படிக்கவென்று திண்ணையில் ஏறுவது எளிதாக இருக்கவில்லை. பெண் பிள்ளை பெரியவளானதும் படிப்பு நின்றது. கற்றவர்கள் இல்லாத ஊரில் பிறந்தவனுக்கும் வழியில்லை. 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியும், அதன் பின் ஊர் ஊராய் எழுந்த பாடசாலைகளும்தான் அந்தக் கதவை அகலத் திறந்தன. பழைய காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

குடி என்பது வெளியூரார் நினைப்பதுபோல் வெறும் பெயரல்ல. இங்கே பிள்ளைக்குக் குடி தாய்வழியாக வருகிறது. ஒரே குடியில் மணம் முடிப்பதில்லை. வீடு மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். காலிங்கா குடி, படையாண்ட குடி என்று தமிழர் சொல்வதுபோல் முஸ்லிம்களிடமும் குடிகள் உண்டு, அவையும் தாய்வழிதான். கோயிலுக்கு வண்ணக்கரையும் பள்ளிவாசலுக்கு மரைக்காரையும் குடி பார்த்து நியமித்த வழக்கம், இரு சமூகத்தாரும் ஒரே சமூக அமைப்பைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதற்குச் சாட்சி. இங்குள்ள முக்குவர் சமூகத்தின் சொத்துரிமை வழக்கை ஆராய்ந்து கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இலேயே ஆங்கிலத்தில் நூல் எழுதினார். உலகத்து மானிடவியல் வகுப்புகளில் தாய்வழிச் சமூகம் என்றதும் கேரளத்து நாயர்களைச் சொல்வார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய சமூகம் ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிறது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு மாணவர் வந்தார். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்கர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர், 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து 1971 வரை இங்கே களப்பணி செய்தார். கருங்கொடித்தீவு என்று பழைய ஆட்கள் சொன்ன ஊர் இது. இன்று ஆலையடிவேம்புப் பிரதேச செயலகப் பிரிவு என்று தனியாக இருக்கும் தமிழ்ப் பகுதியும், அதை ஒட்டிய முஸ்லிம் பகுதியும் அவருக்குச் சேர்ந்தே ஒரு பாடசாலை. தமிழில் பேசிப் பழகினார். அவருடைய எழுத்தைப் படித்தால் அவருக்குப் பாடம் சொன்னவர்கள் யார் என்பது புலப்படும்: வண்ணக்கர்கள், மரைக்கார்கள், போடிமார், பறைமேளக்காரர், வீட்டுப் பெண்கள். திண்ணை சேர்க்காத மனிதரும் அவருக்கு ஆசிரியர். பறைமேளக் கலைஞர்களைப் பற்றி 1983இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை அந்தப் பாடத்திலிருந்து வந்தது. 1974இல் முனைவர் பட்டம் பெற்றபின் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப இங்கே வந்து, 2008இல் 'குருசிபிள் ஒஃப் கொன்ஃபிளிக்ட்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். இந்தக் கரையின் தமிழ், முஸ்லிம் சமூகத்தைப் பற்றி எழுதப்பட்ட ஆக விரிவான நூல்களில் ஒன்று அது.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். பண்டிதர் வி.சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதினார். இருவரும் மானிடவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்களல்லர். ஊரைக் காதாலும் காலாலும் படித்தவர்கள்.

பிறகு கேட்பதற்கே அஞ்சிய காலம் வந்தது. 1985இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரமும் 1990இன் கொலைகளும் ஒரே தெருவின் இரண்டு பக்கத்தையும் இரண்டு நாடாக்கின. ஆலையடிவேம்புப் பிள்ளை அக்கரைப்பற்று ஆசிரியரிடம் போகவும், அங்கிருந்து ஒரு பிள்ளை இந்தப் பக்கம் வரவும் வீட்டார் யோசித்தார்கள். யார் எந்தக் குடி, எந்த ஊர், யாருக்கு உறவு என்று விசாரிப்பவரை உளவாளியாகப் பார்த்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பின்னால் தொண்டு நிறுவனங்கள் படிவத்தோடு வந்தன. வீட்டில் எத்தனை பேர், கூரை ஓடா ஓலையா, கிணறு உப்பா என்ற கேள்விகளுக்கு ஊர் சலிக்கச் சலிக்கப் பதில் சொன்னது. உயர்தரம் முடித்த பிள்ளைகள் நாட்சம்பளத்துக்குச் சர்வே எடுத்தார்கள். கேள்வி கேட்கும் வேலை திரும்பி வந்தது, ஆனால் கேள்விகளை எழுதியவர்கள் வேறெங்கோ இருந்தார்கள்.

இன்று தனி ஆசிரியர் தேடுவது மிக எளிது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மதிலைப் பார்த்தாலே போதும். படத்தோடு, பாடத்தோடு, தொலைபேசி இலக்கத்தோடு போஸ்டர் ஒட்டியிருக்கும். உயிரியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் பெரிய போஸ்டர், கலைப்பிரிவுக்குச் சின்னது. என்றாலும் கலைப்பிரிவுதான் ஊருக்கு ஆதாரம். விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி தரப் பாடசாலைகள். 1சி பாடசாலையில் உயர்தரம் படிப்பவருக்குக் கலையும் வர்த்தகமும்தான். ஆகவே அரசறிவியல், புவியியல், இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், அளவையியல், ஊடகக் கற்கை, நாடகமும் அரங்கியலும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சேர் இருக்கிறார். தியறி ஒரு நாள், ரிவிஷன் ஒரு நாள், பரீட்சை கிட்டும்போது பேப்பர் கிளாஸ். 2020இல் கொரோனா எல்லோரையும் சூமுக்கு ஏற்றிவிட்டது. கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நடக்கும் வகுப்பைக் கோளாவிலில் வீட்டு முற்றத்தில் இருந்து கேட்கலாம். நோட்ஸ் வாட்ஸ்அப்பில் வந்து விழும்.

இந்த வகுப்பறையில் யாரும் குடி கேட்பதில்லை, சாதியும் கேட்பதில்லை. மாதக் காசைக் கட்டினால் இடம் உண்டு. கலை வகுப்புகளில் பெரும்பான்மை பெண் பிள்ளைகள். அந்தி பட்டும் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் வீடு திரும்புகிறார்கள். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கும் வகுப்புகள் கல்முனையில் மறுபடி உண்டு. பழைய திண்ணை கனவிலும் நினையாத சமத்துவம் இது. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கதவு இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் பல வீடுகளில் முதலில் வெட்டப்பட்ட செலவுகளில் டியூஷன் காசும் ஒன்று.

சரி, மானிடவியலுக்கு யாரிடம் போவது? உயர்தரப் பாடப் பட்டியலில் மானிடவியலும் இல்லை, சமூகவியலும் இல்லை. பரீட்சையில் இல்லாததற்கு வகுப்பில்லை, வகுப்பில்லாததற்குப் போஸ்டரில்லை. கண்ணகி சடங்கைப் பற்றியோ குடி வழக்கத்தைப் பற்றியோ ஒரு பிள்ளை ஆர்வத்தில் கேட்டால், "பாஸ் பேப்பர்ல வராது மகள்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். சேரைக் குறை சொல்ல முடியாது. இசட் புள்ளிக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அந்தப் பிள்ளை முதன்முதலில் சமூகவியலைச் சந்திப்பது பல்கலைக்கழகத்தில். அதற்கு இன்று நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே, ஒலுவிலில். உள்வாரி இடம் கிடைக்காதவர்களுக்கு வெளிவாரிப் பட்டம் இருக்கிறது, பேராதனையின் ஜி.ஏ.கியூ. பரீட்சைக்கும் அதற்கு மேலுள்ள பட்டத்துக்கும் தனியார் வகுப்பு நடத்தியவர்கள் இந்த நகரங்களில் உண்டு. மானுடக் கல்விக்கு உண்மையான தனி ஆசிரியர் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களே. ஆனால் அங்கேயும் பாடம் டூர்க்கைமிலும் வெபரிலும் தொடங்கி அவர்களோடே முடிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. கடைசி வருடத்தில் ஆய்வேடு எழுதச் சொல்லும்போதுதான் மாணவி சொந்த ஊரைத் திரும்பிப் பார்க்கிறாள். அப்போது தெரிகிறது, தன் ஊரைப் பற்றிய பெரிய நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை எழுதியவருக்குப் பாடம் சொன்ன தலைமுறை அநேகமாகப் போய்விட்டது.

அன்று குடி கேட்காமல் பாடம் இல்லை. இன்று குடி என்றால் என்னவென்று கேட்கப் பாடமே இல்லை. முதலாவது போனது நல்லது. அதோடு சேர்ந்து குடி பற்றிய கேள்வியே போகவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. ஒரு வழக்கத்தைப் பிடித்துத் தொங்குவது வேறு, அதை ஆராய்வது வேறு. குடியும் சாதியும் யாரை உயர்த்தின, யாரை ஒதுக்கின என்று எழுத வேண்டியவர்கள், அன்று திண்ணையில் ஏற முடியாதவர்களின் பேரப்பிள்ளைகள்தான்.

மானிடவியலுக்கு ஆசிரியர் தேடும் பிள்ளைக்கு ஆலையடிவேம்பில் இன்று வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். வழி மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. புத்தகம் ஒரு பக்கம். பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' 1990 முதல் தமிழில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் என். சண்முகலிங்கன் தமிழிலேயே சமூகவியல் எழுதினார். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் கைபேசிக்குக் கொண்டுவந்து இலவசமாகத் தருகிறது. முறை இன்னொரு பக்கம்: எப்படிக் கேட்பது, எப்படிக் குறிப்பெடுப்பது, சொன்னவரின் பெயரை எப்போது மறைப்பது என்பதைப் பழக்க ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது, வீட்டுக்குள்ளேயே. பனங்காட்டிலோ வாச்சிக்குடாவிலோ ஒரு கிழவியிடம் போய் இருந்து, கலியாணத்துக்கு ஏன் குடி பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ட குடி என்னெண்டு தெரியாதா மனே?" என்று முதலில் உங்களையே திருப்பிக் கேட்பாள். மறுகா ஒரு பின்னேரம் முழுக்கப் பாடம் நடக்கும்.

இந்த மூன்றையும் இணைக்கத் தெரிந்தது டியூஷன் வகுப்பு ஒன்றுதான். நேரசூசி, வாராவாரம் வீட்டுவேலை, வராத பிள்ளையைத் தேடிப் போன் எடுப்பது, எல்லாம் அதற்குக் கைவந்த கலை. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் சும்மா இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் கிழமைக்கு ஒரு நாள், பாதிப் பேர் ஆலையடிவேம்பிலிருந்தும் பாதிப் பேர் அக்கரைப்பற்றிலிருந்தும், ஒரு விரிவுரையாளரின் மேற்பார்வையில் ஒருவர் ஊரை ஒருவர் கேட்டு எழுதும் வகுப்பு நடத்தலாம். தமிழ்ப் பிள்ளை மரைக்காரிடமும் முஸ்லிம் பிள்ளை வண்ணக்கரிடமும் போகட்டும். கட்டடம் இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, சேரும் இருக்கிறார்.

யார் வந்து சேரப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 1969இல் இதே பாடத்துக்கு ஒருவர் சிகாகோவிலிருந்து வந்து சேர்ந்தார். பனங்காட்டிலிருந்து வர ஒரு சைக்கிள் போதும்.