உங்களுக்குத் தெரியுமா? சூடு பட்ட கையும் 20 நிமிடமும்

ரசம் கொட்டியோ தோசைக்கல் பட்டோ கை வெந்துவிட்டால், குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். நாமோ இரண்டு நிமிடத்தில் எரிச்சல் தணிந்ததும் கையை எடுத்துவிடுகிறோம். மேல்தோல் குளிர்ந்தாலும் உள்ளே இறங்கிய சூடு இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பதற்றத்தில் விட்டுப்போயிருந்தாலும், 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். ரத்தக்குழாய்கள் சுருங்கி, காயம் இன்னும் ஆழமாகிவிடும். கைக்குழந்தை என்றால் வெந்த இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள். சின்ன உடம்பில் குளிர் சீக்கிரம் ஏறிவிடும்.

★

பற்பசை, பேனா மை, இட்லி மாவு, மஞ்சள்தூள். இவற்றில் எதுவும் சூட்டை இழுப்பதில்லை. மருத்துவமனையில் கட்டுப் போடும் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் புரியும். புண்ணோடு காய்ந்து கெட்டியான பற்பசையை நர்ஸ் சலைன் ஊற்றி ஊற்றிக் கரைக்கிறார்; வீட்டிலிருந்து அழாமல் வந்த பையன் அப்போதுதான் அலறுகிறான். அந்த வலி தீ கொடுத்ததல்ல, அன்போடு நாம் பூசிவிட்டது.

★

மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். வீங்கிய விரலில் மாட்டிய மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

★

காயம் எவ்வளவு பெரிது என்று அளக்க டேப் தேவையில்லை. விரல்களையும் சேர்த்து ஒருவரின் உள்ளங்கை, அவருடைய மொத்தத் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். குழந்தைக்குக் குழந்தையின் கைதான் கணக்கு, அம்மாவின் கை அல்ல. ஆனால் அளவு சின்னதாக இருந்தாலும் முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்கள் வெந்திருந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டது என்றும் கேட்பார்கள், நினைவுபடுத்திக்கொண்டு போங்கள்.

★

‘வலியே இல்லை’ என்று சொன்னால் நிம்மதிப்படாதீர்கள். ஆழமான காயத்தில் நரம்பு முனைகளும் சேர்ந்து வெந்துபோகும், அதனால் வலி தெரியாது. தோல் வெளுத்தோ கருகியோ தோல்பை மாதிரி விறைத்தோ இருந்தால் அது சிறு காயமே அல்ல.

★

60 டிகிரி சூடுள்ள தண்ணீர் ஐந்தே விநாடியில் பெரியவர்களின் தோலை ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது, அதற்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கிய டீயின் சூடு 60 டிகிரியைவிட அதிகம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டீ குடிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

★

1895-ல் பாரிஸில் கட்டணம் வாங்கிச் சினிமா காட்டிய லூமியேர் சகோதரர்களில் மூத்தவர் ஒகுஸ்த். அவர் மருத்துவ ஆராய்ச்சியிலும் இறங்கியவர். முதல் உலகப் போர்க் காலத்தில், புண்ணில் ஒட்டாதபடி மெழுகுப்பசை தடவிய வலைத்துணிக் கட்டு ஒன்றை உருவாக்கினார். இன்று நம் ஊர் மருந்துக்கடையில் ‘பாரஃபின் காஸ்’ என்று கேட்டு வாங்குவது அந்த வழியில் வந்ததுதான். புண்மேல் நேராகப் பஞ்சு வைத்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது புதிதாக முளைத்த தோலும் கையோடு வந்துவிடும்.

அதனால்தான் அனுபவமுள்ள நர்ஸ் கட்டைப் பிடித்து இழுப்பதில்லை. அரை மணி நேரம் முன்பே வலி மாத்திரை கொடுத்துவிடுவார். கட்டு ஊறும்வரை சலைன் விடுவார். ஓரத்தை மெல்ல மடித்து, தோலோடு தோலாகப் படிய வைத்தே உரிப்பார். ‘போதும் சிஸ்டர்’ என்றால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவார். அவசரம் கிடையாது.

★

தீக்காயம் பட்டவரை வாழையிலையில் கிடத்தும் வழக்கம் நம் ஊரில் உண்டு. வழவழப்பான இலை புண்ணில் ஒட்டாது. கிருமிநீக்கம் செய்த வாழையிலைக் கட்டு பற்றி இந்திய மருத்துவர்கள் 2003-ல் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். கொல்லையில் அறுத்த இலையை அப்படியே புண்ணில் வைப்பது வேறு விஷயம், அது கூடாது.

★

கொப்புளத்தை வீட்டில் ஊசியால் குத்தாதீர்கள். அந்தத் தோல்தான் அடியில் இருக்கும் பச்சைப் புண்ணுக்கு மூடி.

★

கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு வெந்நீர் ஒத்தடம் ஆபத்து. சுடுவதே தெரியாமல் கால் வெந்துபோகும். பைக் சைலன்சர் பட்ட காயமும் அவர்களுக்குச் சின்ன விஷயமல்ல.

★

ஆறிய இடம் அரிக்கும். தோல் முழுக்க மூடிய பிறகு தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத க்ரீமோ மெல்லத் தடவலாம். வெயில் படாமல் பல மாதம் மூடி வைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் கறுத்துவிடும்.

★

விரல்கள் வெந்திருந்தால் நர்ஸ் ஐந்தையும் சேர்த்துக் கட்டமாட்டார். சேர்த்துக் கட்டினால் பச்சைத் தோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணி சுற்றி, நுனியை மட்டும் வெளியே விடுவார், ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க. பிறகு கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துவிட்டு, பையனின் முகத்துக்கு நேரே குனிந்து சொல்வார்: “மடக்கு கண்ணு. இப்போ நீட்டு. இன்னொரு தடவை.”