வாயிலில் ஒரு பலகை

ஒருவர் மீது வழக்கு வந்தது. குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்தது. ஆயினும் இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் அந்த வழக்கே கண்முன் நிற்கிறது. வேலை தர வருபவர் தீர்ப்பின் கடைசி வரிவரை படிப்பாரா?

இது வெறும் கற்பனையன்று. 2014இல் மேல்முறையீட்டில் விடுதலை பெற்ற ஒருவர் இதே குறையோடு சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். 2021இல் தனி நீதிபதி மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் 'இந்தியன் கானூன்' தளம் அத்தீர்ப்பை நீக்கவேண்டும் என்றது. அவ்வாண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அவ்வுத்தரவுக்குத் தடை விதித்தது. ஊரறிய வழங்கிய தீர்ப்பை ஒருவர் பொருட்டு எடுத்துவிடலாமா என்பதே சிக்கல்.

இதேபோன்ற வேறொரு வழக்கில், 2021 ஏப்ரலில் டில்லி உயர்நீதிமன்றம் இடைக்காலமாக நடுவழி ஒன்றைக் காட்டியது. தீர்ப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கூகுள் போன்ற தேடுபொறிகளின் வழியே மட்டும் அகப்படாதிருக்கட்டும் என்றது. அழிக்காமல் மறைப்பது எங்ஙனம்? அதைத்தான் இங்கே காண்போம்.

தேடுபொறி செய்யும் வேலை இரண்டு. முதலாவது, உலவுதல். அதன் உலவி ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பற்றி அடுத்த பக்கத்துக்குப் போகிறது. போன இடமெல்லாம் படித்துக்கொண்டு வருகிறது. இரண்டாவது, அட்டவணையிடல். நூலின் இறுதியில் சொல்லடைவு இருப்பதுபோல, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று குறித்துவைக்கிறது. நாம் தேடும்போது அது புரட்டுவது இந்த அடைவையே.

உலவலைத் தடுக்க 1994இல் மார்ட்டின் கோஸ்டர் என்பவர் ஒரு முறை வகுத்தார். தளத்தின் தலைவாயிலில் 'ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி' என்னும் சிறு கோப்பை வைத்து, இன்ன இடத்துக்கு வராதே என்று எழுதிவிடுவது. 2022இல் இது முறையான இணையத் தரமாகவும் வெளியிடப்பட்டது. ஆனால் இது வாயிலில் தொங்கும் பலகையே, பூட்டன்று. பண்புள்ள உலவி படித்துத் திரும்பும். பண்பற்றது உள்ளே நுழையும். அதுமட்டுமா? அக்கோப்பை எவரும் திறந்து படிக்கலாம். இரகசியப் பக்கத்தின் முகவரியை அதில் எழுதுவது, புதையல் இருக்குமிடத்தைப் பலகையில் எழுதிவைப்பதற்கு ஒப்பாகும்!

அடைவில் சேராதிருக்க வேறு குறிப்பு உண்டு. 'நோ இண்டெக்ஸ்' என்பது அதன் பெயர். பக்கத்தின் தலைப்பகுதியிலோ, சர்வர் அனுப்பும் மறுமொழியிலோ அதை வைக்கவேண்டும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். இரட்டைக் காவல் என்று எண்ணி இரண்டையும் ஒருங்கே வைக்கின்றனர். வாயிலிலேயே தடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் குறிப்பை உலவி எப்படிப் படிக்கும்? பிற தளங்கள் அப்பக்கத்தைச் சுட்டினால், உள்ளே பாராமலேயே அதன் முகவரியைக் கூகுள் தன் அடைவில் சேர்த்துவிடக்கூடும். ஆகவே, மறைக்க விரும்பும் பக்கத்துக்குள் உலவியை வரவிட வேண்டும். வந்து குறிப்பைப் படித்தபின்பே அது அடைவிலிருந்து நீக்கும்.

உண்மையான இரகசியமாயின் இவை இரண்டும் போதா. கடவுச்சொல் என்னும் பூட்டே வேண்டும்.

குப்பத்தில், 1997இல் தோன்றிய நம் திராவிடப் பல்கலைக்கழகத்தில் பயிலும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நாளை நம் மன்றத்துக்கென ஒரு தளம் அமைத்து, உறுப்பினர் பட்டியலைத் தொலைபேசி எண்களோடு ஏற்றினால், அதைக் காக்கும் பொறுப்பு யாருடையது? நம்முடையதன்றோ? நம் ஆய்வுக் கட்டுரைகளை ஏற்றிவிட்டு, கைதவறி வாயிலில் தடைப்பலகையை மாட்டினால், உழைப்பின் பயன் உலகுக்கு எட்டுமா?

காட்டவேண்டியதைக் காட்டுவோம், காக்கவேண்டியதைக் காப்போம். பலகை எது, பூட்டு எது என்று முதலில் அறிவோம்!