உடம்புக்கேற்ற ரத்தம்: ஒரு வரவு செலவுக் கணக்கு

மனித உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். 175 செ.மீ. உயரமும் 75 கிலோ எடையும் உள்ள ஆணுக்கு அந்தக் கணக்கு சரிதான். 152 செ.மீ. உயரமும் 45 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு இருப்பதோ 2.9 லிட்டர். இரண்டு லிட்டர் குறைவு. ஆனாலும் ரத்தம் போவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரையும் ஐந்து லிட்டர்காரர்களாகவே நினைத்துக்கொள்கிறோம். சின்ன உடம்புக்காரர்களுக்கு இந்த நினைப்பு ஆபத்தானது.

உயரம், எடை, ஆணா பெண்ணா என்ற மூன்றையும் வைத்து ரத்த அளவை மதிப்பிடும் சூத்திரத்தை நாட்லரும் உடன் ஆய்வாளர்களும் 1962இல் வெளியிட்டார்கள். இன்றும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். பெரியவர்களுக்கு அந்தச் சூத்திரப்படியும், குழந்தைகளுக்கு வழக்கமான கிலோ கணக்குப்படியும் போட்டால் இருப்பு இப்படி வருகிறது:

குறைமாதக் குழந்தை, 1 கிலோ: 90 முதல் 100 மி.லி.
நிறைமாதக் குழந்தை, 3 கிலோ: சுமார் 250 மி.லி.
பெண், 152 செ.மீ., 45 கிலோ: 2.9 லிட்டர், கிலோவுக்கு 65 மி.லி.
ஆண், 175 செ.மீ., 75 கிலோ: 5 லிட்டர்; கிலோவுக்கு 66 மி.லி.
அதே உயர ஆண், 105 கிலோ: 5.95 லிட்டர், கிலோவுக்கு 57 மி.லி.

கடைசி இரண்டு வரிகளைச் சேர்த்துப் பாருங்கள். எடை 30 கிலோ கூடியும் ரத்தம் ஒரு லிட்டருக்குள்தான் கூடியிருக்கிறது. தசைக்குத் தேவைப்படும் அளவு ரத்தம் கொழுப்புக்குத் தேவையில்லை. பருமனான ஒருவருக்குக் கிலோவுக்கு 70 மி.லி. என்று போட்டால், இல்லாத ரத்தத்தை இருப்பில் எழுதியதாகிவிடும்.

இனி செலவுப் பக்கம். மொத்த ரத்தத்தில் 15 சதவீதம் வரை போனால் உடம்பு பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் நாடித்துடிப்பு ஏறும். 30 சதவீதத்தைத் தாண்டினால் ரத்த அழுத்தம் விழும். விபத்தில் ஒரு லிட்டர் ரத்தம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ ஆணுக்கு அது 20 சதவீதம். 45 கிலோ பெண்ணுக்கு 34 சதவீதம். தரையில் கிடக்கும் ரத்தம் ஒரே அளவுதான். அவள் உயிர் மட்டும் அடுத்த கட்ட ஆபத்தில் இருக்கிறது.

ரத்ததான முகாமில் முதலில் எடை பார்ப்பதன் காரணமும் இதுதான். இந்திய விதிப்படி 45 கிலோ இருந்தால் 350 மி.லி. எடுக்கலாம், 450 மி.லி. எடுக்க 55 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். நாம் பார்த்த 45 கிலோ பெண்ணுக்கு 350 மி.லி. என்பது 12 சதவீதம். அவளிடம் 450 மி.லி. எடுத்தால் 15.4 சதவீதமாகி எல்லையைத் தாண்டிவிடும். பெரிய பையைப் பாதி நிரப்பி நிறுத்தவும் வழியில்லை. 350 மி.லி. பையில் ரத்தம் உறையாமலிருக்க 49 மி.லி. மருந்தும், 450 மி.லி. பையில் 63 மி.லி. மருந்தும் முன்கூட்டியே இருக்கும். விகிதம் மாறக் கூடாது. அதனால்தான் பை தராசில் ஆடிக்கொண்டே நிறைகிறது: ரத்தம் மருந்தோடு கலக்க வேண்டும், குறித்த எடை வந்ததும் குழாயை அடைக்க வேண்டும். 350 மி.லி. ரத்தத்தின் எடை மட்டும் சுமார் 370 கிராம்.

பச்சிளங்குழந்தையின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. 3 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே ஒரு கால் லிட்டர் பால் பாக்கெட் அளவுதான். 1 கிலோ குறைமாதக் குழந்தையிடம் பரிசோதனைகளுக்காகச் சிறுகச் சிறுக 10 மி.லி. எடுத்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஐந்து லிட்டர் ஆளிடம் அரை லிட்டர் எடுத்ததற்குச் சமம். இந்தக் கணக்கில் நல்ல வரவும் ஒன்று உண்டு. பிறந்ததும் தொப்புள்கொடியை இறுக்காமல் ஒரு நிமிடமாவது பொறுத்தால் நிறைமாதக் குழந்தைக்கு சுமார் 80 மி.லி. ரத்தம் நஞ்சுக்கொடியிலிருந்து வந்து சேர்கிறது. உலக சுகாதார நிறுவனமும் அப்படித்தான் பரிந்துரைக்கிறது.

கர்ப்பத்தில் தாயின் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். 2.9 லிட்டர் 4.2 லிட்டரை எட்டும். பிரசவச் செலவுக்கு உடம்பே செய்துகொள்ளும் சேமிப்பு அது. ஆனால் லிட்டர் மட்டும் போதாது, அதிலுள்ள ஹீமோகுளோபினும் வேண்டும். டெசிலிட்டருக்கு 15 கிராம் உள்ள 75 கிலோ ஆணின் உடம்பில் மொத்தம் சுமார் 750 கிராம் ஹீமோகுளோபின் இருக்கும். 9 கிராம் மட்டுமே உள்ள 45 கிலோ பெண்ணிடம், கர்ப்பம் இல்லாதபோது, சுமார் 260 கிராம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குள் உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கும், தமிழகத்தில் 53.4 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை. சின்ன உடம்பும் ரத்தசோகையும் ஒரே பெண்ணிடம் சேரும்போது அவளால் தாங்க முடிந்த இழப்பு மிகவும் குறைவு.

ஆகவே பிரசவ அறையிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் கேஸ் ஷீட்டில் எத்தனை மி.லி. போனது என்று எழுதினால் மட்டும் போதாது. பக்கத்திலேயே நோயாளியின் உயரம், எடை, ஹீமோகுளோபின், போனது மொத்தத்தில் எத்தனை சதவீதம் ஆகியவற்றையும் எழுத வேண்டும். ஒரு நிமிட வேலைதான். 45 கிலோ பெண்ணுக்கு ரத்தம் ஏற்றும் முடிவை உரிய நேரத்தில் எடுக்க அந்த எண்கள் தேவை.